எனக்காக மூடிய கோயில்

போன வாரம் ஒரு போன். சென்னையிலிருந்து ஒரு இளம்பெண், குரலில் தேன் சொட்டச் சொட்ட... "சார், உங்க பூட்டான் டிரிப் எப்படி இருந்துச்சு? அஞ்சு ஸ்டார்ல எத்தனை ஸ்டார் குடுப்பீங்க?"

நான் கத்திய கத்தலில், "சாரி சார்... சாரி சார்..." என்று போனை வைத்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? ஆனால் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

விஷயம் இதுதான். எனக்கு அறுபது முடிந்ததற்கு மகளும் மருமகனும் கொடுத்த பரிசு, பூட்டான் பயணம். கும்பலோடு பஸ்ஸில் அடைத்துக்கொண்டு போகும் டூர் இல்லை. 'டெய்லர் மேட்' லக்சுரி! நம் அளவுக்கு வெட்டித் தைத்துத் தருவார்களாம். தலையணை எவ்வளவு உயரம், காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, முட்டியில் வலி உண்டா... பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு ஃபாரம்.

அதில் ஒரு கேள்வி — மலைக்கோயிலில் லாமாவிடம் தனியாக ஆசி பெற எந்த நேரம் வசதி?

என் மனைவி சுலோச்சனா சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினாள். ஆரணியில் எங்கள் பட்டுத் தறிக்குப் பாவு ஏற்றுவதென்றாலும் அதைப் பார்க்காமல் செய்ய மாட்டோம். "வியாழக்கெழம பத்தே முக்கால்லேர்ந்து பதினொன்னே முக்கால் வரிக்கும் நல்ல நேரம். அதையே எய்துங்க" என்றாள். எழுதினேன்.

வியாழக்கிழமை வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்தால் பனிமலை. மேலே ஏறக் குதிரை. கோயில் வாசலில் இறங்கினால்... ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து உள்ளூர்க்காரர்கள். எங்களைப் பார்த்ததும் கயிறு அவிழ்ந்தது. நாங்கள் உள்ளே போனதும் மறுபடி கட்டிவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு இளம் தம்பதி. அவள் கையில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. குளிரில் வீறிட்டு அழுதது.

உள்ளே லாமா மந்திரம் சொன்னார். வெளியே அழுகை நிற்கவில்லை.

"இன்னாங்க, அந்தக் கொழந்த அழுதுகினே கீது. அவங்களையும் உள்ள வரச் சொல்லுங்களேன்" என்றாள் சுலோச்சனா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இரு. பூஜை நடந்துகினு இருக்குது இல்ல?"

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. அந்தத் தம்பதி மலையிறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழிகாட்டி பொய் சொல்லத் தெரியாத மனிதர். விசாரித்ததும் ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார். அங்கே பலர் குழந்தைக்குத் தாங்களே பெயர் வைப்பதில்லை. லாமாதான் வைக்க வேண்டும், அதுவும் ஜோசியர் குறித்த நேரத்தில். இவர்களுக்குக் குறித்தது பதினொரு மணி. விடியுமுன்னே நடக்க ஆரம்பித்து வந்திருக்கிறார்கள். கோயில் எங்களுக்காக மூடியிருப்பது வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

"இப்போது வைக்கச் சொல்லுங்கள். கூப்பிடுங்கள் அவர்களை!"

"நேரம் போய்விட்டது என்று அவர்களே கிளம்பிவிட்டார்கள் சார். இனி பத்து நாள் கழித்துத்தான் நல்ல நாள். குழந்தையின் அப்பா நாளைக்கே ஆஸ்திரேலியா போகிறார், வேலைக்கு. பரவாயில்லை, பெயரைப் போனில் கேட்டுக்கொள்வார்."

பரவாயில்லையா? பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பெயரைக் கேட்பதும், ஏதோ ஒரு தேசத்தில் நின்றுகொண்டு போனில் கேட்பதும் ஒன்றா? முகூர்த்தம் தவறிய பிறகு தாலி கட்டச் சொன்னால் ஆரணியில் எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்?

அங்கிருந்தே டூர் கம்பெனிக்குப் போன் போட்டேன். "சார், நீங்க கேட்ட டைம்தானே?" என்றார் மேனேஜர்.

டெய்லர் மேடாம்! எங்கள் ஊரிலும் கல்யாணப் பெண் கேட்ட கலரில், கேட்ட பார்டரில் ஆர்டர் எடுத்து நெய்து தருகிறோம். அதற்காகத் தெருவில் போகிறவள் கட்டியிருக்கும் புடவையை உருவிக் கொடுப்பதில்லை.

அவர்களைத் திட்டுவது சுலபம். ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றில், யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று எங்களைக் கயிறு கட்டி நிறுத்தியபோது நான் போட்ட சத்தம் கண்ணமங்கலம் வரைக்கும் கேட்டிருக்கும். "இன்னாயா, சாமி உங்க வூட்டுச் சொத்தா?" என்று கேட்டவன் நான். பூட்டானில் அதே கயிறு எனக்காக அவிழ்ந்தபோது, சால்வையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனவனும் நானேதான். வெட்கமாக இருக்கிறது.

சுலோச்சனா அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. "கொழந்த அழுவுதுன்னு நான் சொன்னேன் இல்ல?" என்று மட்டும் அவ்வப்போது கேட்கிறாள். அந்தத் தகப்பன் இந்நேரம் ஆஸ்திரேலியாவில் ஏதோ வேலையில் இருப்பார்.

அவர் பிள்ளைக்குக் குறித்திருந்த பதினொரு மணிக்கு, லாமா நாக்கைச் சுழற்றிச் சுழற்றிச் சொல்லி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது என் பெயரை.