தைக்கத் தெரியாத தையலக்கா

எங்கள் தையலக்காவுக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது. சேலை ஓரம் பிரிந்தாலும் சரி, பொத்தான் அறுந்தாலும் சரி, அவள் புருஷன்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். மாமா பேருந்து ஓட்டுகிறவர். வேலை முடிந்து வந்து ஜன்னலோரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியும் கையுமாக உட்காருவார். அக்கா பக்கத்தில் நின்று, தையல் கோணலாகப் போகிறது என்று குறை சொல்வாள்.

ஆனாலும் இந்த ஊரில் பல ஆண்களுக்கு அவள் தையல்காரிதான். பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிற ஆண்களுக்கு.

அக்கா வேலை பார்த்தது ஒரு சின்ன உதவி நிலையத்தில். திருடு போன வீட்டுக்காரர்கள், தெருவில் வழிப்பறிக்கு ஆளானவர்கள், வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிறவர்கள், இவர்களெல்லாம் போலீசுக்குப் போன பிறகு தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. எங்கள் என்றால், நான் அங்கே பூட்டுக்காரன். உடைந்த கதவுக்குப் புதுப்பூட்டு, ஜன்னலுக்குக் கொக்கி, இதெல்லாம் நான். பேச்சு, போன், அலைச்சல், கோர்ட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவது, இதெல்லாம் அக்கா.

அடிக்கிறவன் கூடவே இருக்கிற வீட்டுக்கு எப்படிப் போன் பண்ணுவது? "உதவி நிலையத்துலேர்ந்து பேசறோம்" என்று சொன்னால் அன்றைக்கே அந்தப் பெண்ணின் முதுகு பழுத்துவிடும். அதனால் அக்கா ஒவ்வொருத்திக்கும் ஒரு வேஷம் வைத்திருந்தாள். ஒருத்திக்குப் பல் ஆஸ்பத்திரி, இன்னொருத்திக்கு நூலகம். முக்கால்வாசிப் பேருக்குத் தையல் கடை. "பிளவுஸ் தைச்சாச்சும்மா, கை சரியா இருக்கா?" என்று கேட்பாள். "இறுக்கமா இருக்கு" என்று பதில் வந்தால் அவன் பக்கத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். "சரியா இருக்கு" என்றால் பேசலாம். இந்த வேஷங்களை அவள் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், நாலு பேர் படித்தால் நாற்பது பேருக்குத் தெரியும் என்பது அவள் கணக்கு. எங்களிடமேகூட, நாங்கள் வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். அந்த அளவுக்கு அழுத்தக்காரி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த வேலைக்குச் சம்பளம் கொடுப்பது நகரசபை. ஆனால் நகரசபை தானே செய்யாது. இன்னின்ன உதவி வேண்டும் என்று எழுதி, யார் செய்கிறீர்கள் என்று டெண்டர் விடும். விண்ணப்பித்தவர்களுக்கு மதிப்பெண் போடும். ஜெயித்தவர்களோடு சில வருஷத்துக்கு ஒப்பந்தம். சாக்கடை தூர்வாரவும் அப்படித்தான், சாலை போடவும் அப்படித்தான், அடிபட்டவளுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதும் அப்படித்தான். கேட்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் மக்கள் பணம், யாருக்குப் பிடித்தவர்களோ அவர்களுக்கு அள்ளிக் கொடுக்கவும் முடியாது. அந்த நியாயம் எனக்கும் தெரியும்.

எங்கள் ஒப்பந்தம் முடிகிற வருஷம், நகரசபையின் ஒப்பந்த அதிகாரி எங்கள் நிலையத்தைப் பார்க்க வந்தார். சின்ன வயசுப் பெண்மணி. எப்போதும் கொஞ்சம் தூக்கம் போதாத முகம், ஆனால் நல்ல மனுஷி. டீ குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவி வைத்தார். அக்கா மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அக்கா போனில் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுத்தார்.

"பிளவுஸ் தைச்சாச்சும்மா. கை எப்படி இருக்கு? இறுக்கமா இருக்கா? சரி சரி, அவசரமில்ல. பிரிச்சுத் தைச்சுட்டு நானே சொல்றேன்."

அன்று காலை மட்டும் இப்படி ஐந்தாறு போன். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். அக்கா எவ்வளவு நயமாகப் பேசுகிறாள் என்றுதான் எழுதுகிறார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு பெரிய அமைப்புக்குப் போய்விட்டது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மட்டும் நிதானமாக இருந்தாள்.

"வேலை போனா போகட்டும் தம்பி. ஒப்படைக்கற வாரத்துல ஒவ்வொருத்தியப் பத்தியும் வாயாலேயே சொல்லி, கையப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். அது போதும்."

அவள் மனசில் இருந்தது ஒருத்தி. முதல் நாள் மழையில் கம்பி முறிந்த குடையோடு வந்ததால் அவளுக்குக் குடைப்பொண்ணு என்று பெயர். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் அவள் போனைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிற அழைப்பையெல்லாம் தானே எடுக்கிற ரகம். கடைக்குப் போனால்கூட எத்தனை நிமிஷம் என்று கேட்பான். ரொம்ப நாள் தயங்கிவிட்டு, வருகிற வியாழக்கிழமை வீட்டை விட்டு வந்துவிடுவது என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். ஊருக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பான வீடு ஒன்று தயார். கதவுக்கு நான்தான் பூட்டுப் போட்டேன். அதுவரை அவனுக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது. வந்தால் அவள் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரம் திங்கட்கிழமை, நாங்கள் ஏன் தோற்றோம் என்று விளக்கம் சொல்ல அதிகாரி எங்களைக் கூப்பிட்டிருந்தார். தோற்றவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு ஒரு விதி வேறு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

அதிகாரி தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "உங்க அனுபவத்துக்கு நல்ல மார்க். ஆனா ஒரு விஷயம்... தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸ் நேரத்துல சொந்தத் தொழில் பண்றது..."

"யாரு?" என்றேன்.

"அவங்கதான். தையல். அவங்க போன்ல பேசினத நானே காதால கேட்டேன். அன்னிக்கே விசாரிச்சா அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பொத்தான் தைக்கக்கூடப் புருஷனைக் கூப்பிடுகிறவளுக்குத் தையல் தொழிலாம். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அக்கா முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், அது தையல் இல்ல" என்று ஆரம்பித்து, அக்கா நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தனை வருஷமாக வாயைத் திறக்காதவள். சொல்லி முடித்ததும் கேட்டாள்: "புதுசா வர்றவங்க என்ன சொல்லிப் போன் பண்ணுவாங்க?"

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். "அமைப்போட பேரச் சொல்லித்தான். ஒளிவு மறைவு இருக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல நானே எழுதியிருக்கேன். மொதல்லயே எல்லார்கிட்டயும் அறிமுகமாகிடணும்னு..." அவர் குரல் தேய்ந்தது. "எங்க ஆபீஸ்ல இருந்த நம்பர் பட்டியல அனுப்பிட்டேன். இன்னிக்குக் காலைலேர்ந்து கூப்பிட்டுட்டு இருக்காங்க."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கேட்காமல் விட்டது அவர் தப்பு. சொல்லாமல் விட்டது இவள் தப்பு. இரண்டு பேருமே நல்லது நினைத்துத்தான் செய்தார்கள். இப்போது குடைப்பொண்ணு வீட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தால் அந்த நல்லதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஒன்று சொல்ல வேண்டும், அந்த அதிகாரி சாக்குப்போக்கு சொல்லவில்லை. மேலதிகாரியைக் கேட்கிறேன் என்று இழுக்கவில்லை. அந்த நிமிஷமே புது அமைப்பின் மேலாளருக்குப் போன் போட்டார்.

"உடனே நிறுத்துங்க. எல்லாப் போனையும். காரணம் அப்புறம் சொல்றேன், மொதல்ல நிறுத்துங்க."

நின்றது. அடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, யார் யாருக்கு ஏற்கனவே பேசியாகிவிட்டது என்று கேட்டார். மேலாளர் எண்களைச் சொல்லச் சொல்ல, அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எல்லாருடைய நம்பரும் அவளுக்கு மனப்பாடம். வழிப்பறிக்கு ஆளானவர் ஒருவர், திருடு போன வீடு ஒன்று, அவர்களுக்கு யார் பேசினாலும் கவலையில்லை. கடைசி நம்பருக்கு அக்கா என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் எலும்பு நொறுங்கியிருக்கும்.

"அவளா?" என்று கேட்டேன்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்த நம்பர்ல யார் போனை எடுத்தாங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு ஆம்பளைக் குரல்" என்றார் மேலாளர். "பேசறதெல்லாமே பதிவாகுது மேடம். போட்டுக் காட்டட்டுமா?"

பதிவை ஓடவிட்டார்கள். அறையில் மின்விசிறி சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. முதலில் ஓர் இளம்பெண்ணின் பதவிசான குரல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல வந்தது.

"வணக்கம். தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியமைக்கு மிக்க நன்றி. சேவையின் தரத்தை மேம்படுத்தும் நோக்கில் இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. நகரசபையின் நிதி ஒத்துழைப்புடன் தங்கள் பகுதியில் புதிதாக..."

"லோனா?" என்றது ஆண் குரல். "ஒரு லோனும் வேணாம். காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா? வைம்மா போனை."

டொக்கென்று வைத்த சத்தம். பிறகு அந்தப் பெண், யாரோடோ பேசுவது போல, "இவரும் வச்சுட்டாரு" என்றாள்.

அதிகாரி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அந்த முன்னுரையும் நான்தான் எழுதுனேன்" என்றார். "ரொம்ப நீளம், யாரும் கேக்க மாட்டாங்கன்னு எல்லாரும் திட்டுனாங்க."

"தெய்வமா எழுதியிருக்கீங்க மேடம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். எங்கள் வயிற்றில் பால் வார்த்தது அந்தப் பாழாய்ப்போன முன்னுரைதான். நானும் அழுதிருப்பேன், அரசாங்க அறையாச்சே என்று அடக்கிக்கொண்டேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. கொடுத்த ஒப்பந்தத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது, அது விதி. ஆனால் அக்கா ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்கிற வரை அவளைத் தவிர யாரும் யாருக்கும் போன் பண்ணக் கூடாது என்று அதிகாரி எழுத்தில் கொடுத்தார். புது அமைப்பின் மேலாளர் ஒரு படி மேலே போய், அக்காவையும் என்னையும் அவர்களிடமே வேலைக்கு எடுத்துக்கொண்டார். லோன் விற்கப் போன அந்த இளம்பெண்ணை அக்கா பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இப்போது அவள்தான் பல் ஆஸ்பத்திரி. அவ்வளவு இயல்பாகப் பேசுகிறாள், எனக்கே ஒரு பல்லைக் காட்டலாமா என்று இருக்கிறது.

வியாழக்கிழமை வந்தது. அக்கா போனை எடுத்தாள். எதிர்பார்த்தது போல அவன்தான் பேசினான்.

"தையல் கடைலேர்ந்து பேசறேன் சார். வீட்டம்மாவோட பிளவுஸ் ரெடி. ஒருவாட்டி போட்டுப் பாத்துட்டாங்கன்னா முடிச்சுடலாம். நாளைலேர்ந்து கடை லீவு சார். துணி கொஞ்சம் மிச்சம் இருக்கு, பாப்பாவுக்கு ஒரு கவுன் வரும். அளவெடுக்கப் பாப்பாவையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. இல்ல சார், அதுக்குக் காசு வேணாம்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ சொன்னான். அக்காவின் கண் அகலமாக விரிந்தது.

"தாராளமா சார். குடுத்தனுப்புங்க. பண்ணிடலாம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் பேன்ட் ஒண்ணு நீளமா இருக்காம். அதையும் எடுத்துட்டுப் போன்னு அவனே பையில போட்டு அனுப்பறானாம்."

முன்னமே பேசி வைத்த தெருமுனைக்குக் குடைப்பொண்ணு வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் துணிப்பை. என் வண்டியில் ஏறிய பிறகும் ஊரைக் கடக்கிற வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை. பாதுகாப்பு வீட்டின் மாடியறையில் பையைக் கவிழ்த்தாள். மேலே அந்தப் பேன்ட். அதற்கு அடியில் குழந்தையின் நாலு சட்டை, பிறப்புச் சான்றிதழ், அவள் படித்த சான்றிதழ்கள். பேன்ட்டை விரல் நுனியால் தூக்கிக் காட்டி, "இத என்னக்கா பண்றது?" என்றாள்.

"கடையில குடுத்துட்டியில்ல, இனி அது என் தலைவலி" என்றாள் அக்கா. "என்ன, எனக்குத்தான் தைக்கத் தெரியாது."

குடைப்பொண்ணு அவளையே பார்த்தாள். "நெசமாவா?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழந்தையும் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தது.

நான் சாவிகளை அவள் உள்ளங்கையில் வைத்தேன். "ரெண்டு இருக்கு" என்றேன்.

"இன்னொண்ணு யார்கிட்ட குடுக்கணும்?"

"யார்கிட்டயும் வேணாம்மா. ரெண்டும் உங்களோடதுதான்."

நாங்கள் வெளியே வந்தோம். அக்கா அந்தப் பேன்ட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாமாவிடம் கொடுத்துப் பைகளாகத் தைத்துவிடலாம் என்றாள். பின்னால் பூட்டு திரும்புகிற சத்தம் கேட்டது. உடனே திறந்தது. மறுபடி பூட்டியது. சரியாக இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொள்கிறாள். மூன்றாவது தடவையும் பூட்டி, அப்படியே விட்ட பிறகுதான் நாங்கள் படி இறங்கினோம்.