பால்மா டின்னில் இருந்த கறுப்புக் கல்

கல்லுக்குப் பெயர் கண்டுபிடிப்பது சுகமான தொழில். அந்தப் பெயரை ஆட்களிடம் சொல்ல வேண்டி வருவதுதான் இரத்தக்கொதிப்பைத் தருவது. நீங்களும் ஏதாவது ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி ஏச்சு வாங்குகிறவர் என்றால், என் புகைச்சல் உங்களுக்கு விளங்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய சோதனைச்சாலையில் கனியங்களைப் பார்த்துச் சான்று எழுதுகிறவன் நான்.

எடை

ஏறாவூர் கபூர் காக்கா ஒரு நாள் காலையில் லேஞ்சித் துணியின் முனையில் முடிந்து ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தார். வாலிபத்தில் பலாங்கொடைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் வேலை செய்தவர். கல் லூடோக் கட்டை அளவுதான், வடிவமும் அதே கனசதுரம். நூலில் கட்டிக் காற்றில் ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை நிறுத்தேன். இரும்பைவிட அடர்த்தி. நம்பாமல் திரும்பவும் நிறுத்தேன். கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கிட்டக் கொண்டுபோனதும் அது சோளம் பொரிகிற மாதிரிப் படபடத்தது. தோரியனைற்றாகத்தான் இருக்க வேண்டும். தோரியமும் யுரேனியமும் கலந்த அரிய ஒட்சைட்டு. உலகத்துக்கு அது முதன்முதல் தெரியவந்ததே இந்தத் தீவிலிருந்துதான்.

எனக்குள் வந்த சந்தோஷப் புழுகம் அவர் அடுத்துச் சொன்னதோடு போயிற்று. அந்தக் குழிகளில் பொறுக்கிச் சேர்த்த இதே கல் ஒரு பால்மா டின் நிறைய வீட்டில் இருக்கிறதாம். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருக்கும் மகள் ஹசீனாவின் கட்டிலுக்குக் கீழே. அவளுக்கு ஏழு மாதம். ஆளை உடனே விழுத்துகிற சாமான் இல்லை இது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு மாதக்கணக்கில் பக்கத்தில் வைத்துப் படுக்கிற சாமானும் இல்லை. ஆபத்தான கல், விலையும் கிடையாது, எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து தந்துவிடுங்கள் என்றேன். அவர் ஒரு துணுக்கை மட்டும் உடைத்தெடுக்க விட்டார். மீதியைத் திரும்பவும் லேஞ்சியில் முடிந்துகொண்டு எழும்பினார்.

"விலையில்லாத கல்லை என்னத்துக்கு சேர் ரெண்டுதரம் நிறுத்தீங்க?"

குடும்பம்

மாணிக்க வியாபாரத்தில் வாங்க ஆசைப்படுகிறவன் முதலில் கல்லைப் பழிப்பான். 'உதவாது' என்றால் அங்கே பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் நான் அன்று அதை மறந்துபோனேன். பிறகுதான் தெரிந்தது, விலையில்லை என்று நான் சொன்ன அன்றே காக்கா டின்னைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்து, மகளின் தலைமாட்டில் இருந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டார். கட்டிலுக்குக் கீழே கிடந்ததை அவள் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது யார்? அவரா, நானா? இன்றைக்கும் எனக்கு அது தீரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் துணுக்கின் பகுப்பாய்வு வந்தபிறகு சான்று எழுதினேன். காக்கா வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். இதே வடிவத்தில் யுரேனினைற்று என்று இன்னொரு கனியம் உண்டு, இரண்டும் ஒரே குடும்பம் என்றேன். யுரேனியம் கூடினால் அந்தப் பெயர், தோரியம் கூடினால் இந்தப் பெயர், நடுவில் எந்த அளவிலும் கலந்து வரும். கண்ணால் பார்த்துப் பிரிக்க ஏலாது. முதலில் கண்டெடுத்தவர்களே யுரேனினைற்று என்று பெயர் வைத்துவிட்டுப் பிறகுதான் திருத்தினார்கள். உங்களுடையதில் தோரியம்தான் கூட. காக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். யாரோ ஒரு வியாபாரி யுரேனியம் என்ற சொல்லைக் கேட்டுத்தான் கண்ணை விரித்தானாம். மகளைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, நீங்கள் இன்னும் கல்லைப் பழிப்பதை விடவில்லையா என்பதுபோல் சிரித்தார்.

"அந்தத் தோரியத்தை வெட்டிப்போட்டு யுரேனியத்தை மட்டும் வைங்க சேர். உங்களுக்கு அது ஒரு சொல்லுதானே."

கட்டம்

அவர் கேட்கமாட்டார் என்றால் அரசாங்கம் கேட்கட்டும் என்று கனியங்களுக்குப் பொறுப்பான ஒரு கந்தோருக்குப் போனேன். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், தேத்தண்ணிகூடச் சொன்னார். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: மாணிக்கம், மணல், கட்டடக் கல். மாணிக்கம் என்றால் வேறு கந்தோர், கதிர்வீச்சு என்றால் கொழும்பு என்றார். ஒரு கர்ப்பிணிப் பெண் அந்த டின்னுக்குப் பக்கத்தில்தான் இன்று இரவும் படுக்கப்போகிறாள் என்றேன். அதை எழுதுவதற்கும் கட்டம் இல்லை. பளிங்கு வடிவம், அடர்த்தி, கடினம், உரைத்தால் விழும் கோட்டின் நிறம், இரசாயனக் கூறு எல்லாம் இருந்த மூன்று பக்கச் சான்றை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திறக்காமலே அழகாக நேராக்கி என் பக்கம் தள்ளினார்.

"முதல்ல இது என்ன இனம் எண்டு தீர்மானிச்சுக்கொண்டு வாங்க சேர். மறுகா பாப்பம்."

தலைமாடு

வெளியில் வந்து படியில் நின்றபோது கந்தோரில் மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. நானும் இத்தனை நாளாகக் கல்லைப் பற்றி ஒரு கிழவரிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதோடு படுக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த நாள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏறாவூருக்கு பஸ் ஏறினேன்.

விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தக் கல்லில் இருந்து வருவது கண்ணுக்குத் தெரியாது, இந்தக் கருவிக்குத்தான் கேட்கும் என்று மட்டும் ஹசீனாவிடம் சொன்னேன். இப்படிப்பட்ட மெஷினை எப்படியும் சத்தம்போட வைக்கலாம் என்றார் காக்கா. ஹசீனா அதைத் தன் கையில் தரச் சொல்லி வாங்கினாள். அடுக்களைக்குப் போனாள், எப்போதாவது ஒரு டிக். தன் தலையணைக்குப் பக்கத்தில் பிடித்தாள், படபடவென்று பொரிந்தது. திரும்பவும் அடுக்களை, திரும்பவும் தலையணை. மூன்றாம் தரம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அலுமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

அன்று பின்னேரமே டின் மணல் வாளிக்குள் இறங்கி, ஓட்டோவில் வந்து, எங்கள் சோதனைச்சாலைக்குப் பின்னால் ஆளில்லாத கொங்கிறீட் அறைக்குள் பூட்டப்பட்டது. அந்த வியாபாரி வெள்ளிக்கிழமை வருவான், அதுவரைக்கும் பொறு மகள் என்று காக்கா இழுத்தபோது, அவள் அலுமாரித் திறப்பை என் கையில் வைத்துவிட்டு வாப்பாவைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

"விலை கூடின கல்லெண்டா அவன்ட தலைமாட்டில கொண்டுபோய் வைங்க வாப்பா. இந்தக் கட்டில்ல நாங்க ரெண்டு பேர் படுக்கிறம்."

கல்லின் இனத்தைத் தீர்மானிக்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது, கந்தோருக்கு இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஹசீனாவுக்கு அடுக்களைக்கும் அறைக்குமாக மூன்று தரம் நடக்கிற நேரம் போதுமாயிருந்தது.