பன்னிரண்டு கிராம் கூடுதல்

போன வாரம் திருப்பூரில் எங்கள் ஏரியா தபால் ஆபீஸ் க்யூவில் நின்றிருந்தேன். கையில் தெருச் சாக்கடை பற்றிய மனு. இந்த வருடத்தில் நான்காவது.

எனக்கு முன்னால் நண்பர் நல்லசிவம். பத்து மெஷின் போட்டு டி-ஷர்ட் தைக்கிறவர். மொத்தமாகச் சரக்கு வாங்கும் டெல்லி பையருக்கு சாம்பிள் அனுப்ப வந்திருந்தார். சாம்பிள் ஓகே ஆனால்தான் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் இரண்டு மாதமாகப் பாதி நாள் சும்மா கிடக்கும் மெஷின்கள் ஓடும்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் நெல்லைப் பக்கத்துக்காரர். சாம்பிள் டி-ஷர்ட் இருந்த கவரைத் தராசில் வைத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.

“இருநூறைத் தாண்டிட்டு அண்ணாச்சி. அடுத்த ரேட்டு.”

“ஏனுங்க, பன்னெண்டு கிராமுக்கா?”

“ஒரு கிராம் கூடுனாலும் அதான். ரேட்டு நானா போடுதேன்? டெல்லில போடுதாவ.”

கூடுதல் என்ன பெரிய கூடுதல்... ஒரு டீ, ஒரு வடை. ஆனாலும் இருநூறில் கோடு கிழித்த அந்த டெல்லி அதிகாரி, ஒரே ஒரு திருப்பூர் டி-ஷர்ட்டை எடை போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? நாட்டுக்கே ரேட் போடுகிறவர் பனியன் போடுவதில்லையா?

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருந்தேனா?

“மழைக்காலமுங்க. காட்டன் ஈரத்த இழுத்திருக்கும்” என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

நல்லசிவம் கவரைப் பிடுங்கிக்கொண்டு போனார். பக்கத்தில் ஒரு வாஷிங் யூனிட். அங்கே டி-ஷர்ட்டை டிரையரில் போட்டு இருபது நிமிடம் சுற்றவிட்டார். திரும்பி வந்து தராசில் வைத்தால்... நூற்றுத் தொண்ணூற்றேழு! க்யூவே சிரித்தது. அரசாங்கத்தையே ஜெயித்த மாதிரி எனக்கும் ஒரு பெருமை, பொய் சொல்வானேன்.

நான்கு நாள் கழித்து பையரிடமிருந்து போன். டி-ஷர்ட் நீளத்தில் ஒன்றரை இன்ச் குறைகிறதாம்.

சூட்டில் பனியன் துணி சுருங்கும் என்பது இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடமாகத் தொழிலில் இருக்கும் நல்லசிவத்துக்கு அந்த இருபது நிமிடம் மட்டும் மறந்துபோனது. தராசு முள்ளையே பார்க்கிறவனுக்கு அளவெடுக்கும் டேப் கண்ணில் படுமா?

நாளை மாலைக்குள் சரியான பீஸ் தன் டேபிளுக்கு வராவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்கு என்று பையர் சொல்லிவிட்டார். பத்து மெஷின், பத்துக் குடும்பம். யோசனை சொன்ன மகராசன் நான்.

இன்னொரு பீஸ் தைத்தார்கள். இந்த முறை தபாலை நம்பிக் காத்திருக்க நேரமில்லை. கோயம்புத்தூரிலிருந்து காலை ஃப்ளைட்டில் நல்லசிவமே டெல்லிக்குக் கிளம்பினார். டிக்கெட் விலையை நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்குப் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

“ஏனுங்க, உங்க சித்தி பையன் டெல்லிலதானுங்க இருக்கறாரு? முறுக்கு, கிறுக்கு ஏதாச்சும் குடுத்து உடோணுங்களா?”

“இப்ப எதுக்குங்க அதெல்லாம்?”

“கைப்பை ஏழு கிலோ வரைக்கும் டிக்கெட்லயே சேந்துருக்குதுங்க. டி-ஷர்ட்டு கால் கிலோ கூட இல்ல. மிச்சம் வீணாப் போகுதுங்களே.”

ஆர்டர் கிடைத்துவிட்டது. முறுக்கும் உடையாமல் போய்ச் சேர்ந்தது — ரேட் போடுகிற ஊருக்கே, தபால் செலவில்லாமல்.