கண்ணாடிக் கூண்டில் நின்ற மானின் காது

நார்வேயின் வடகோடியில், பனிமான் மேய்க்கும் ஸாமி மக்களாகிய எங்கள் ஊர் ரோவ்வெயாவ்ரியில் பல் டாக்டர் கிடையாது. மாதம் ஒருமுறை வரவேண்டிய நர்சும் பனி அதிகம் என்றால் வரமாட்டாள். ஆனால் ஏரிக்கரையில் கண்ணாடியும் மரமுமாக ஒரு மாளிகை எழும்பிவிட்டது: ஸாமி பாரம்பரிய அருங்காட்சியகம். உள்ளே ஒரு பொத்தானை அழுத்தினால் யோய்க் பாட்டு வரும். இன்னொன்றை அழுத்தினால் கூடாரத்துப் புகை வாசம் வரும். அடேயப்பா, புகை வாசத்துக்கு ஒரு பொத்தான்! ஊரில் எவன் மேல்சட்டையை முகர்ந்தாலும் சும்மா கிடைக்கிற வாசம் அது.

அந்தப் பொத்தான்களையும், திறக்கும் முன்பே வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியில் பதித்துவிட்டுப் போகும் மூக்குத் தடங்களையும் துடைப்பது ரிஸ்டெனின் வேலை. அவளுக்கு அறுபத்திரண்டு வயது. ஏழு வயதில் அப்பா அவள் கையில் கத்தியைக் கொடுத்து முதல் பனிமான் கன்றின் காதில் குறி வெட்ட வைத்தார். இடது காதின் நுனி நேர்வெட்டு, வலது காதின் அடியில் ஒரே ஒரு பள்ளம். அன்றிலிருந்து அது ரிஸ்டெனின் குறி; அந்தக் காதுள்ள மான் அவளுடையது. அதே வருடம் விடுதிப் பள்ளிக்கு வண்டி ஏற்றி அனுப்பினார்கள். அங்கே நார்வே மொழி வராததால் மக்கு என்று பெயர் வாங்கினாள். ஓடுகிற பனிமானின் காதை எட்டத்திலிருந்தே படித்து இது இன்னாருடையது என்று சொல்லிவிடுவாள். அதை எந்த வாத்தியாரும் கேட்கவில்லை.

கல்யாணமும் ஒன்று நடந்தது. பனி ஸ்கூட்டர் விற்க வந்தவன், இரண்டு குளிர்காலம் இருந்தான், போய்விட்டான். யாராவது துக்கம் விசாரித்தால், "ஸ்கூட்டரையாவது விட்டுட்டுப் போனானே" என்பாள்.

அவளுக்கு உலகம் என்றால் பட்டி வாசல்தான். பல குடும்பத்து மான்களும் ஒன்றாக மேய்ந்து திரும்பும்போது, பட்டி வாசலில் ஒருவர் நின்று காதுகளைப் படித்து, யாருடையது என்று கூவ வேண்டும். கூவின பேர்தான் தீர்ப்பு. இருபது வருடம் அந்த வாசலில் நின்றவள் ரிஸ்டென். ஒரு கன்று மாறிப்போனதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் அவளுடைய மணிகட்டிய முன்னோடிப் பெண்மான் காணாமல் போனது. அது போனால் மந்தை அதன் பின்னால் போகும், அது நின்றால் நிற்கும். திருட்டு என்றாள் ரிஸ்டென். மேய்ச்சல் கூட்டமைப்புக்குத் தலைவன் இஸ்ஸாத், அவள் சித்தப்பா மகன், உச்சுக்கொட்டினான்.

"ஓநாய் அடிச்சிருக்கும்க்கா."

"ஓநாய் மணியையுமா தின்னுச்சு?"

போலீஸ்காரர் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, "காதைக் காட்டுங்க, வழக்குப் போடறேன்" என்றுவிட்டுப் போனார். மான் திருடுகிறவன் முதலில் எரிப்பதே காதைத்தான். அவர் காதைக் கேட்கிறார்! அதற்குப் பிறகு இஸ்ஸாத் வீடு வீடாகக் காபி குடித்துக்கொண்டே ஒரு சேதியைப் பரப்பினான்: பாவம், அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, தன் மானையே அடையாளம் தெரியவில்லை, யாரைப் பார்த்தாலும் திருடன் என்கிறாள். அடுத்த முறை மான் பிரிக்கும்போது பட்டி வாசலில் அவனே நின்றுகொண்டான். ரிஸ்டென் கையில் காபிக் கெட்டிலைக் கொடுத்தான். எதிரே நின்று ஒருவராவது ஏன் என்று கேட்கவேண்டுமே! சூடாக இருக்கிறது என்று குடித்தார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு காகிதமும் கொண்டுவந்தான். அவளிடம் மிஞ்சிய மான்கள் அவன் மந்தையில் சேரும்; அவள் குறி பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும்.

"அருங்காட்சியகம் திறக்கிற அன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுக்கா. நல்ல நாள்."

கையெழுத்துப் போட்டால் ரிஸ்டென் கெட்டில்காரிதான். போடாவிட்டால், கண் தெரியாதவளின் பிடிவாதம் என்பார்கள்.

அருங்காட்சியகத் தலைவி இங்வில் தெற்கிலிருந்து வந்தவள். எங்கள் பண்பாட்டைப் பற்றி எங்களுக்கே கண்கலங்க எடுத்துச் சொல்வாள். ரிஸ்டெனை வேலைக்கு எடுத்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எத்தனை மான் இருக்கு?" எங்கள் ஊரில் இதைக் கேட்பதும், முன்பின் தெரியாதவரின் சட்டைப்பைக்குள் கைவிடுவதும் ஒன்று. எண்ணிக்கையைச் சொல்லாமல் நழுவ எல்லாரும் சொல்கிற பதிலையே ரிஸ்டெனும் சொன்னாள்: "மரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கு." இங்வில் அதைக் குறிப்பேட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள்.

பெரிய கூடத்தின் நடுவில் கண்ணாடிக் கூண்டில் பஞ்சடைத்த பனிமான் ஒன்று வந்து நின்றது. கொடை: இஸ்ஸாத். பித்தளைத் தகட்டில் அவன் பெயர், அதற்கு மேல் அவன் காதுக்குறியின் படம். பாடம் செய்தவன் மானையே பார்த்திராத தெற்கத்தியான் போலிருக்கிறது. முகத்தைக் கோவேறு கழுதை மாதிரி பண்ணி வைத்திருந்தான். காதுகளில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் தொங்கியது. வெட்டுப்பட்ட காதைப் பார்த்தால் வருகிறவர்கள் மிருகவதை என்று முகம் சுளிப்பார்களாம், அதனால் இங்வில் கட்டச் சொன்ன அலங்காரம். எங்கள் காதில் பூச்சுற்ற வந்தவர்கள் நிறையப் பேர். மானின் காதிலேயே சுற்றியவள் இவள் ஒருத்திதான்.

திறப்பு விழா பிப்ரவரி ஆறாம் தேதி, ஸாமி மக்களின் திருநாளில். காலையில் மானின் தூசி தட்டக் கூண்டைத் திறந்தாள் ரிஸ்டென். வலது குஞ்சத்தைத் தூக்கித் தூரிகையால் நீவினாள். கை நின்றுவிட்டது.

இஸ்ஸாத்தின் குறிதான்: நுனியில் பிளவு, அடியில் இரண்டு பள்ளம். ஆனால் ஒரு பள்ளத்தின் விளிம்பு வரை மயிர் மூடியிருந்தது. அது கன்றுப் பருவத்தில் வெட்டியது. மற்றப் பள்ளமும் பிளவும் மொட்டையாக, கறுத்த தழும்போடு இருந்தன. அவை வளர்ந்த மானின் காதில் வெட்டியவை. இடது காதுக்கு ஓடினாள். நேர்வெட்டு, மயிர் மூடியது. ஒரே தாத்தாவின் குறியிலிருந்து பிரிந்த குறிகள் அல்லவா, இடது காது இருவருக்கும் ஒன்றுதான்; அதைத் தொடவேண்டிய அவசியமே அவனுக்கு இருக்கவில்லை.

அவளுடைய முன்னோடி மான். சாகும்வரை அவன் மந்தையில்தான் நடந்திருக்கிறது. வாசலில் நின்று இந்தக் காதைப் படித்துவிடக் கூடாது என்றுதான் அவளைக் கெட்டிலோடு உட்கார வைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அருங்காட்சியகம் கொடை கேட்டபோது சொந்த மான் ஒன்று குறைய அந்தக் கஞ்சனுக்கு மனம் வரவில்லை. எரிக்கவேண்டிய காதை எரிக்கவும் இல்லை. தன் குறி கண்ணாடிக்குள் காலாகாலத்துக்கும் நிற்க வேண்டுமாம்! த்தூ, பெருமையைப் பார்!

அவள் தூக்கிய குஞ்சத்தை அப்படியே தொங்கவிட்டாள். கூண்டைச் சாத்தினாள், பூட்டவில்லை.

மதியம் ஊரே பாரம்பரிய நீல அங்கியில் வந்து நின்றது. இஸ்ஸாத்தின் மார்பில் வெள்ளிப் பொத்தான்கள் மின்னின. இங்வில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, ஊர் முன்னாலேயே அதைக் கேட்டுத் தொலைத்தாள்.

"இஸ்ஸாத், உங்ககிட்ட எத்தனை மான் இருக்கு?"

அவன் சிரித்தான். "மரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்குங்க."

"அந்தப் பக்கத்து மான் யாரோடது தம்பி?" என்றாள் ரிஸ்டென். எல்லாரும் திரும்பினார்கள். அவள் கூண்டைத் திறந்து இரண்டு குஞ்சங்களையும் உருவிக்கொண்டிருந்தாள்.

"ரிஸ்டென், என்ன பண்றீங்க?"

"தூசி தட்டறேன், இங்வில். எனக்குக் கண்ணு மங்கலாம். பார்வை இருக்கிறவங்க யாராவது வந்து இந்தக் காதைப் படிச்சுச் சொல்லட்டும்."

கூண்டைச் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

முதலில் வந்தவர் நீலாஸ் கிழவர். மேய்ச்சல் கூட்டமைப்பில் அவர்தான் மூத்தவர். தொப்பியைக் கழற்றி, கண்ணாடியில் மூக்கை வைத்து, வலது காதைப் பார்த்தார். சுற்றிப்போய் இடது காதைப் பார்த்தார். பிறகு அடுத்தவர். பிறகு அதற்கடுத்தவர். அந்த விளிம்பைப் படிக்கப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை. பார்த்தவர்கள் இஸ்ஸாத்தைத் தாண்டி, அவனுக்கு ஒரு தலையசைப்புக்கூட இல்லாமல் வெளியே போனார்கள். விழாவுக்கு வைத்திருந்த காபியை ஒருவரும் தொடவில்லை.

"அது... பாடம் பண்ணினவன் காதைக் கெடுத்துட்டான்..." என்றான் இஸ்ஸாத். யார் முகமும் அவன் பக்கம் திரும்பவில்லை.

இங்வில் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, விழாவுக்கு வந்திருந்த பத்திரிகை நிருபரிடம் கிசுகிசுத்தாள்: "பாருங்க, என்ன ஒரு பக்தி! மானுக்கு எவ்வளவு மரியாதை!"

நீலாஸ் வாசலில் நின்று திரும்பினார்.

"ரிஸ்டென், ஏப்ரல்ல மான் பிரிக்கறப்போ பட்டி வாசல்ல நீ நில்லு."

"கெட்டில்?"

"அதைத் தூக்கத்தான் ஒருத்தன் இருக்கானே" என்றுவிட்டுப் போனார்.

கையெழுத்துக் காகிதத்தை இஸ்ஸாத் வெளியே எடுக்கவேயில்லை. சாயங்காலம் ரிஸ்டென் வாளியோடு கூடத்துக்கு வந்தாள். கூண்டின் கண்ணாடியில், இரண்டு காதுகளுக்கும் நேராக, ஊரார் மூக்குத் தடம் முப்பதுக்கு மேல் இருந்தது. மற்றக் கண்ணாடிகளைத் துடைத்தாள். இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.