பாபாவுக்குப் பின்னிய கழுதை

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷம். அல்சூர் பக்கம் ஒரு பங்களாவில் நான் ஆயா. துரைசானியின் மகளைப் பிறந்த பத்தாம் நாளிலிருந்து நான்தான் வளர்த்தேன். பாபா என்றுதான் கூப்பிடுவோம். மூன்று வயதில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் தமிழ். கப்பலுக்கு டிக்கெட் வந்துவிட்டது என்று துரைசானி சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் என்னை மறந்துவிடுவாளே, ஒரே மாதத்தில் மறந்துவிடுவாளே! வேறு நினைப்பே இல்லை.

என் கையால் செய்தது ஒன்று அவள் கையில் இருந்தால் மறக்கமாட்டாள் என்று தோன்றியது. தோபி வாராவாரம் துணி மூட்டையோடு ஓட்டிவரும் கழுதை என்றால் பாபாவுக்கு உயிர். சரி, கழுதையே பின்னுவோம் என்று குரோஷா ஊசியை எடுத்தேன்.

எனக்குத் தெரிந்ததோ லேஸ் ஒன்றுதான். சின்ன வயதில் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்தது. மேஜைவிரிப்புக்கு ஓரம், பாவாடைக்கு ஓரம், எல்லாம் தட்டை. பொம்மை பின்னியதே கிடையாது. ஞாயிறு மட்டும்தான் லீவு. மர்பி டவுனில் என் எட்டு வயது மகள் என் அக்காவிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். அந்த வீட்டில் உட்கார்ந்து நாலு ஞாயிறு பின்னினேன். வெள்ளை நூல்தான் இருந்தது. காபி டிகாஷனில் ஊறப்போட்டுக் கழுதை நிறம் வரவழைத்தேன். கால் நாலும் நாலு நீளம்.

“என்னாடி இது, நாயா நரியா?” என்றாள் அக்கா.

“கழுதை.”

“அதானே, கழுதைதான் கழுதைய பின்னும்.”

மகள் நூல் உருண்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். “யாருக்கும்மா?” என்று ஒருமுறை கேட்டாள். “பாபாவுக்கு” என்றேன். அப்புறம் கேட்கவில்லை. பஞ்சுக்கு அவள் தலையணையைத்தான் பிரித்தேன். பிரிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டேனா, பாவி? இல்லை.

லேஸ் என்றால் ஓட்டை. ஓட்டைதான் அதற்கு அழகு. அதே பழக்கத்தில் கழுதை வயிற்றையும் பூப்பூவாகப் பின்னி வைத்திருந்தேன். பஞ்சை அடைத்த பிறகுதான் கண் திறந்தது, ஒவ்வொரு பூ வழியாகவும் பஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பிரித்துப் பின்ன நாள் இல்லை, புதன்கிழமை ரயில். விரலால் உள்ளே தள்ளித் தள்ளி எடுத்துப்போனேன்.

மோட்டார் வாசலில் நின்றது. பாபா “கழுதை, கழுதை!” என்று வாங்கி மார்போடு அணைத்தாள். எனக்கு உயிர் வந்தது. அவள் தொப்பியிலும் கன்னத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டது. துரைசானி ஓடிவந்து பிடுங்கினாள்.

“ஆயா, இது பேபி வாய்க்குள்ளே போவும். வாணாம். உன் பேபிக்குக் குடு” என்று என் கையில் திணித்துவிட்டு, கடையில் வாங்கிய கரடியைக் குழந்தையிடம் கொடுத்தாள். நல்ல மனுஷிதான், குற்றம் சொல்ல முடியாது. பாபா அழுவாள் என்று நின்றேன். அழவில்லை. கரடியைக் கட்டிக்கொண்டு மோட்டாரில் ஏறிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவர் வாயில் மண்ணைப் போட.

வேலையும் போயிற்று. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மர்பி டவுனுக்கு நடந்தேன். மகள் வாசலில் இருந்தாள். “இந்தாடி கண்ணு, உனக்கு” என்று கழுதையை நீட்டினேன்.

அவள் தொடவில்லை. “அவ வேணான்னுட்டாளா?” என்றாள்.

“இல்லடி கண்ணு, அது வந்து...”

“அதான் எனக்கா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். நான் கழுதையோடு அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அவ்வளவு பெரிய குடத்தைத் தூக்க அவள் எப்போது பழகினாள் என்று அக்காவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.