உறுமிய சுரம்

டர்பைன் ஆலையில் விசிறித் தகடுகளை உடையும்வரை அதிரவைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. எந்த அதிர்வில் எது தெறிக்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாள். கேன்டீன் தட்டைக்கூட விடமாட்டாள். அதனால் ‘தட்டம்மா’ என்ற பெயர், தட்டம்மை மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு நான்கு பேர் கூடி மேற்கத்திய இசை வாசிப்பார்கள். அவள் இரண்டாம் வயலின். அது அண்ணன் செய்து கொடுத்தது. அவன் பேர்போன வயலின் தச்சன், அதைவிடப் பேர்போன கோபக்காரன். தடித்த தந்தியில் ஒரு சுரத்தைத் தொட்டால் மட்டும் அந்த வயலின் கட்டிப்போட்ட நாயாய் உறுமும்.

“உன் வில்லு கை சரியில்ல” என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் அண்ணன். இதே குறையோடு வந்த ஒருவரைச் சட்டையைப் பிடித்துப் படியில் உருட்டியே விட்டான்.

அவள் வயலினைப் பிரித்து மேல்பலகையை ஆலைக்குக் கொண்டுபோனாள். டீத்தூளைத் தூவி, அடியில் ஒலிபெருக்கி வைத்து அதிரவிட்டாள். தூள் ஓடி ஒதுங்கிய கோடுகளில் ஒரு பக்கம் கோணியிருந்தது. அங்கே மரம் தடிமன். உள்பக்கம் சுரண்டிச் சுரண்டி, பலகையின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு மோதாதபடி அதை இரண்டு சுரங்களுக்கு நடுவே தள்ளினாள். ஒட்டி வாசித்தபோது உறுமல் இல்லை.

மறுநாள் காலை அண்ணனின் பட்டறையில் வாசித்துக் காட்டினாள்.

“திறந்தியா?”

“சுரண்டினேன். தப்பு மரத்துல இல்லண்ணா, உன் கையில.”

வயலினைப் பிடுங்கி மேசையில் அடித்தான். கழுத்து முறிந்தது. மறுபடி அடித்தான், மறுபடியும். தடுக்கப்போனவளின் இடது கை மேசையில் ஊன்றியிருந்தது. உளி அடிக்கும் மரச்சுத்தியான கொட்டாப்புளியை அதன்மேல் இறக்கினான். இரண்டு விரல்கள் நசுங்கின. வலது கைக்கு அகப்பட்ட அரத்தை அவள் வீசியதில் அவன் புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அப்படியும் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அண்ணி ஓடிவந்து, நாய்ச்சண்டையை விலக்குவதுபோல் வாளித் தண்ணீரை இருவர் மேலும் கொட்டினாள்.

தரையில் கிடந்தவள் சொன்னாள்: “அண்ணி, அந்தச் சில்லையெல்லாம் பொறுக்குங்க. ஒண்ணுகூட விடாதீங்க.”

“ரத்தம் கொட்டுது, உனக்கு மரத்துண்டு கேக்குதா?”

திட்டிக்கொண்டே அண்ணி பொறுக்கினாள்.

போலீசில் கொடுத்த புகாரைத் தட்டம்மா வாபஸ் வாங்கவில்லை. தான் அரத்தால் அடித்ததையும் நீதிபதியிடம் சொன்னாள். அவளுக்கு அபராதம், அவனுக்கு நான்கு மாதச் சிறை. அந்த நான்கு மாதத்தில் உடைந்த பலகையைச் சில்லு சில்லாகச் சேர்த்து, நூற்று நாற்பது இடங்களில் தடிமனை அளந்து, டீத்தூள் கோடுகளோடு ஒப்பிட்டாள். அதை அவள் எழுதிய கட்டுரை வெளியானதும் வயலின் தச்சர்கள் சிலர் வசைபாடி எழுதினார்கள். நிறையப் பேர் தங்கள் பலகைகளை அனுப்பினார்கள். ஆனால் அவளது இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார்.

மூன்று வருடம் கழித்து அண்ணி புதுப் பலகையோடு வந்தாள்.

“எங்க சுரண்டணும்னு பென்சில்ல குறிச்சுத் தருவியாம்.”

“அண்ணனா கேட்டாரு?”

“வாயத் தொறந்து கேக்கல. பலகைய எம் பையில வச்சிட்டு நின்னாரு.”

அரை நாள் அளந்து குறித்தாள்.

“எடுத்துட்டுப் போங்க. மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அண்ணி தலையாட்டிவிட்டு, பலகையைச் சேலைத்தலைப்பால் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினாள்.