ஒண்டுமில்லை என்று சொன்ன டொக்டர்

கண்ணாடி ஊசிக்குழலின் தண்டு தானாகவே பின்னுக்கு நகர்ந்தது. யாரும் அதை இழுக்கவில்லை. உள்ளே கருஞ்சிவப்பாக வரவேண்டிய இரத்தம் பளிச்சென்ற செந்நிறத்தில் துள்ளித் துள்ளி ஏறியது. மயக்க மருந்து டொக்டர் ஊசியை வெளியே எடுத்தார். நோயாளியின் கழுத்தில் பஞ்சை வைத்து இரண்டு விரல்களால் அழுத்தினார். தட்டைப் பிடித்தபடி எதிரே நின்ற எனக்கு முகமூடிக்கு மேலே அவருடைய கண்கள் மட்டுந்தான் தெரிந்தன. அவர் பயந்துபோயிருக்கிறார் என்பதை அறிந்துகொள்ள அவை போதுமாயிருந்தன.

எழுபதுகளின் பிற்பகுதி அது. குடாநாட்டின் ஆஸ்பத்திரி ஒன்றில், சத்திரசிகிச்சை வாட்டில் நான் தாதியாக இருந்தேன். நோயாளி கொழும்புத்துறைக் கடற்கரையைச் சேர்ந்தவர். வலை இழுத்து இழுத்துத் தோள் இரண்டும் உரல்போல் திரண்டிருந்த மனிதர். குடல் வெடித்து அறுவை செய்யப்பட்டுப் பல நாட்களாக வாயால் ஒன்றும் எடுக்க முடியாமல் கிடந்தார். சேலைன் ஏற்றி ஏற்றிக் கை நாளங்களெல்லாம் காய்ந்த கொடியாகிவிட்டன. கணுக்காலில் வெட்டித் திறந்த நாளமும் அடைபட்டுவிட்டது. இனி எங்கே ஏற்றுவது? இதயத்துக்குக் கிட்ட இருக்கும் பெரிய நாளத்தில் கழுத்துவழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தலாம் என்றார் டொக்டர். அவர் இங்கிலாந்தில் அதைப் பழகி வந்தவர். எங்கள் வாட்டில் அதை முன்பு செய்து பார்த்தவர் எவருமில்லை.

அந்தப் பெரிய நாளத்துக்குப் பக்கத்திலேயே, இரட்டைப் பிள்ளைகள்போல ஒட்டிக்கொண்டு, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி ஓடுகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் தெரியாது. விரலால் துடிப்பைத் தடவி, அதற்குச் சற்று வெளியே நாளம் இருக்கும் என்று நம்பித்தான் குத்தவேண்டும். அன்று ஊசி நாடிக்குள் போய்விட்டது. யானைக்கும் அடி சறுக்கும். அவர் வேண்டிய நேரம் அழுத்திப் பிடித்து, பிறகு சற்றுக் கீழே, காறையெலும்பின் அடியால் முயன்று, நாளத்தைச் சரியாகப் பிடித்தார். சேலைன் ஓடத் தொடங்கியது. கழுத்தில் மட்டும் ஒரு சின்னத் தேசிக்காய் அளவுக்கு வீக்கம் நின்றது.

வாட்டு வாசலில் நோயாளியின் மனைவி நின்றாள். "ஐயா, அவருக்கென்ன கழுத்து வீங்கிக் கிடக்கு?" என்று கேட்டாள். டொக்டர் நடந்தபடியே, "ஒண்டுமில்லை அம்மா, சும்மா ஒரு வீக்கம், தானா வத்தும்," என்றார். இதை அவருடைய தனிக் குற்றமாக நான் சொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிகளில் அன்றைக்கு அதிகம் கொடுக்கப்பட்ட மருந்தே அந்த ஒரு சொல்தான். வயிற்றில் கட்டி என்றாலும் ஒண்டுமில்லை, ஆள் இரவு தாண்டாது என்றாலும் ஒண்டுமில்லை. சொல்கிறவருக்கும் நிம்மதி, கேட்கிறவருக்கும் நிம்மதி. நாங்கள் தாதிமாரும் அதை அள்ளி அள்ளிக் கொடுத்தவர்கள்தான்.

ஆனால் அவள் அந்தச் சொல்லை அப்படியே நம்பினாள். ஒண்டுமில்லாத வீக்கத்துக்கு என்ன செய்வது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கடலுக்குப் போய்வந்த கணவனின் தோளும் பிடரியும் பிடித்துக்கொண்டால் நல்லெண்ணெய் தடவி உருவிவிட்டு, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது அந்தக் கரை முழுவதும் பெண்கள் செய்துவந்த வேலை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் கை படிந்த இடம் அந்தக் கழுத்து. பின்னேரம் நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் வந்தாள். தனக்குக் கஞ்சி என்று சொல்லிக் கொண்டுவந்த மூடிப் பாத்திரத்துக்குள் சூடு ஆறாமல் உப்பு முடிச்சு இருந்தது. தாதிகளான மிஸ்ஸிமார் கண்டால் ஏசுவார்கள் என்று கட்டிலுக்கு மறுபக்கம் திரும்பி நின்று, நோகாமல் தடவித் தடவி ஒத்தியிருக்கிறாள்.

மற்றக் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு நான் அங்கே வந்தபோது அவருடைய கழுத்து எண்ணெயில் மினுங்கியது. தேசிக்காய் அளவு வீக்கம் பெருத்துத் தோடம்பழமாகியிருந்தது. பேச முயன்றார், குரல் கரகரத்துத் தேய்ந்தது. மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சூட்டிலும் தடவலிலும் ஓட்டையை அடைத்திருந்த இரத்தக்கட்டி விலகி, உள்ளே மறுபடி கசிந்து, மூச்சுக்குழாயை நெருக்கத் தொடங்கியிருந்தது. நான் கத்திய கத்தலில் டொக்டர் ஓடிவந்தார். வந்த வேகத்திலேயே கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, விரல்களைக் கழுத்தில் வைத்து அழுத்தினார். தொண்டைக்குள் விடும் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். சத்திரசிகிச்சை அறையை ஆயத்தப்படுத்தச் சொல்லி ஆளனுப்பினார்.

வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்ரர் உப்பு முடிச்சைக் கண்டார். "ஆரைக் கேட்டு உதைச் செய்தனி? உன்ரை கையாலை மனுசனைக் கொல்லப் பாத்தியோ?" என்று கத்தினார். வாட்டு முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பக்கத்துக் கட்டிலின் உறவுக்காரர்கள்கூட, "படிப்பில்லாத சனம்," என்று முணுமுணுத்தார்கள். அவள் அழவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு போய் நின்றாள். கணவர் அவளைத் தேடிக் கையை நீட்டினார். அவள் கிட்ட வரவில்லை. தன்னுடைய கைகளுக்கே அவள் பயந்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

டொக்டர் பேசாமல் இருந்திருக்கலாம். பழி தானாகவே ஒருத்தி தலையில் போய் இறங்கிவிட்டது. அவர் ஊசியை எங்கே குத்தினார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும். நானும் வாய் திறக்கமாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும். விரலை எடுக்காமல் தலையை மட்டும் திருப்பினார்.

"சிஸ்ரர், அவவைப் பேசாதேங்கோ. அம்மா, இங்காலை வாங்கோ. காலமை நான்தான் பிழையான இடத்திலை குத்தினனான். நாடியிலை ஓட்டை விழுந்தது என்னாலை. வீக்கம் அதாலைதான். உள்ளுக்கை இரத்தம் நிக்குது, தொடாதேங்கோ எண்டு சொல்லவேண்டியவன், ஒண்டுமில்லை எண்டு சொல்லி உங்களைப் பேய்க்காட்டிப்போட்டன். தெரிஞ்சிருந்தா நீங்கள் தொட்டிருக்கமாட்டியள்."

டொக்டர்மார் கடவுளுக்கு அடுத்த படியில் நின்ற காலம் அது. அவள் மெல்ல வந்தாள். டொக்டரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப ரண்டு பேருமாச் சேந்துதான் இந்த மனுசனை இந்தப் பாடு படுத்திப்போட்டம்," என்றாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புவாரோ ஐயா?"

அந்தப் பழைய சொல் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். "தெரியாது அம்மா," என்றார் டொக்டர். "கையை எடுத்தாத்தான் தெரியும்."

கையை எடுக்க நெடுநேரம் ஆனது. எடுத்தபோது அந்த விரல்கள் விறைத்து மடங்காமல் நின்றன. வீக்கம் பெருக்கவில்லை. மூச்சின் சத்தம் குறைந்து, இருட்டும் நேரத்தில் நின்றுவிட்டது. தொண்டைக்குள் குழாய் விடவும் சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோகவும் தேவைப்படவில்லை. பிறகு அந்தக் காறையெலும்புக் குழாய்வழியே ஏற்றிய சேலைன்தான் அவரைத் தேற்றியது என்பதையும் நான் சொல்லவேண்டும்.

இப்போது நாளத்தையும் நாடியையும் திரையில் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள். என் கூடப்பிறந்தவளுக்கு அண்மையில் அப்படித்தான் செய்தார்கள்; இரண்டும் தனித்தனியே கறுத்த வட்டங்களாகத் தெரிந்தன. எனக்குப் பெரும் சந்தோஷமாக இருந்தது. முடித்து வெளியே வந்த இளம் டொக்டரிடம், "எப்படி இருக்கிறா?" என்று கேட்டேன். கைப்பேசியைப் பார்த்தபடியே, "ஒண்டுமில்லை அன்ரி," என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசிக்குக் கண் வந்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தக் கொழும்புத்துறைக்காரர் குணமாகி வீட்டுக்குப் போன அன்று காலை நானும் வாட்டில் நின்றேன். சாரமும் புதுச் சேட்டும் உடுத்திக் கட்டிலில் இருந்தார். டொக்டர் வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, "அண்டைக்கு அந்த நேரத்திலை தெரியாது எண்டு சொல்லி உங்களை நல்லாப் பயப்படுத்திப்போட்டன். குறை நினையாதேங்கோ," என்றார்.

அவள் பையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அதுக்கேன் ஐயா குறை நினைக்கிறன்? இவர் தோணியைத் தள்ளிக்கொண்டு போனா, திரும்பி வருவாரோ மாட்டாரோ எண்டு எனக்கு எண்டைக்குத் தெரிஞ்சிருக்கு? தெரியாமைக்குள்ளைதான் நான் இவ்வளவு காலமும் குடும்பம் நடத்திறன். தெரியாது எண்ட சொல்லு எங்களுக்குப் பழகினதுதான் ஐயா. அண்டைக்கு நீங்கள் அதைச் சொன்ன பிறகுதான் இந்த மனுசனை உங்களை நம்பி விட்டுட்டு வெளியிலை போய் ஒரு வாய் தண்ணி குடிச்சனான்."